ஒரு பாக்கெட்டைப் பிரிக்கத் தெரியாதா?



இது நீளமான பதிவு. கோபத்தில் எழுதியதால் இன்னும் கொஞ்சம் நீண்டுவிட்டது. காபி குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் தங்கை மகள் நர்ஸ். பதினோரு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில்தான் வேலை. போன வாரம் அவளுக்கு ஒரு மெமோ கொடுத்திருக்கிறார்கள். அஜாக்கிரதையாக இருந்து ஸ்டெரைல் பொருளை வீணாக்கியதற்கு வரும் வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டுமாம். பொருளின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பது பற்றியும் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. இதை என் தங்கை அழுதுகொண்டே குழுவில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டாள். அதற்கு என் சகலை ஒருவர், "பதினோரு வருஷ சர்வீஸ், ஒரு பாக்கெட்டைப் பிரிக்கத் தெரியாதா?" என்று கேட்டு, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை ஒன்றையும் ஒட்டிவைத்தார். மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கினீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மருமகளிடம் அனுமதி கேட்டுவிட்டேன். மருத்துவமனை பெயரும் கம்பெனி பெயரும் மட்டும் வேண்டாம் மாமா என்றாள். சரி.

நடந்தது இதுதான். குடலிறக்க ஆபரேஷன். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துச் செய்கிற முறை. திரை தெளிவாகத் தெரிவதற்காக அறை விளக்குகளைக் குறைத்துவிடுவார்கள். அந்த அரையிருட்டில், தளர்ந்த இடத்தைத் தாங்குவதற்கு வைக்கும் வலையை டாக்டர் கேட்கிறார். 'மெஷ்' என்பார்கள். பாலிபுரொப்பிலீன் இழையால் பின்னிய, கைக்குட்டையை இரண்டாக மடித்த அளவுள்ள ஒரு துண்டு. விலை ஆயிரக்கணக்கில். அது ஒரு காகித மடிப்புக்குள் இருக்கும். அந்த மடிப்பு ஒரு பவுச்சுக்குள் இருக்கும். பவுச் ஒரு அட்டைப்பெட்டிக்குள் இருக்கும்.

தியேட்டரில் நர்ஸ்கள் இரண்டு வகையாக நிற்பார்கள். ஒருவர் கைகழுவி, கவுன் போட்டு, ஸ்டெரைல் கையுறை மாட்டி டாக்டர் பக்கத்தில் நிற்கும் ஸ்க்ரப் நர்ஸ். இன்னொருவர் வெளியே சுற்றி வந்து பொருள்களை எடுத்துக் கொடுக்கும் சர்குலேட்டிங் நர்ஸ். பாக்கெட்டின் வெளிப்பக்கம் ஸ்டெரைல் கிடையாது. உட்பக்கம் ஸ்டெரைல். சர்குலேட்டிங் நர்ஸ் வெளிப்பக்கத்தை மட்டும் தொட்டு, இரண்டு ஓரங்களையும் வாழைப்பழத் தோல் உரிப்பதுபோல விலக்கிப் பிடிக்க வேண்டும். ஸ்க்ரப் நர்ஸ் உள்ளே இருப்பதை மட்டும் மேலாக எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பது வெளியே வரும்போது பாக்கெட்டின் ஓரத்தில் உரசக் கூடாது, கொடுப்பவரின் விரலில் படக் கூடாது. ஸ்டெரைல் மேஜைக்கு மேலே கையை நீட்டவும் கூடாது. இவ்வளவையும் தினமும் ஐம்பது அறுபது முறை செய்கிற வேலை அது.

அன்றைக்கு என் மருமகள் அந்த பவுச்சை உரித்தபோது சீல் ஒழுங்காகப் பிரியவில்லை. காகிதப் பக்கம் பட்டையாகக் கிழிந்து வந்தது. கிழிந்த காகிதத்தில் பஞ்சுபோல நார் எழும்பும், அது காயத்துக்குள் போகக் கூடாது என்பதால் நிறுத்தி, ஓரத்தை மாற்றிப் பிடித்து மறுபடி இழுத்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு பவுச் திடீரென்று வாய் பிளந்தது. உள்ளே இருந்த மடிப்பு துள்ளி, அவள் கட்டைவிரலில் பட்டு, நேராக ஸ்டெரைல் மேஜைமேல் போய் விழுந்தது.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். அவள் விரலில் பட்டதை யாரும் பார்க்கவில்லை. அரையிருட்டு. டாக்டர் கண் திரையில். ஸ்க்ரப் நர்ஸ் கண் டாக்டர் கையில். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த வலை இரண்டாவது நிமிஷம் நோயாளியின் வயிற்றுக்குள் போயிருக்கும். அவள்தான், "சார், என் கையில பட்டுடுச்சு, வேண்டாம்" என்று சொன்னாள்.

டாக்டர் நல்லவர். வலையை ஒதுக்கச் சொன்னார். மேஜை விரிப்பை மாற்றினார்கள், அது பட்ட கருவிகளை மாற்றினார்கள். அதே அளவில் இன்னொரு வலை கைவசம் இல்லை. விநியோகஸ்தர் கடையிலிருந்து பைக்கில் வந்தது. மயக்கத்தில் கிடந்த மனிதரை முக்கால் மணி நேரம் கூடுதலாகக் காக்க வைத்தார்கள். அவர் நன்றாகத் தேறி வீட்டுக்குப் போய்விட்டார். மெமோ மறுநாள் வந்தது.

வலையில் கிருமி ஒட்டினால் என்ன ஆகும் என்று தெரியாதவர்களுக்கு: உடம்புக்குள் வைத்த அந்நியப் பொருளில் கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்தால் அதை விரட்டுவது மிகவும் கடினம். பல நேரம் வயிற்றைத் திரும்பத் திறந்து வலையையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அந்த மனிதரை அதிலிருந்து காப்பாற்றியது அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம். மெமோவும் அந்த வாக்கியத்துக்குத்தான். அடுத்த முறை அந்தத் தியேட்டரில் யார் விரலிலாவது பட்டால் அவர் வாயைத் திறப்பாரா? நிர்வாகத்தில் இருக்கும் யாராவது இந்த ஒரு கேள்வியை யோசித்திருந்தால் அந்தக் காகிதத்தை டைப் அடித்திருக்க மாட்டார்கள்.

சரி, பாக்கெட்டுக்கு வருகிறேன்.

என் 1996ஆம் வருஷ பிளஸ் டூ மாணவன் ஒருவன் பேக்கேஜிங் துறையில் பெரிய இன்ஜினியர். அவனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இதுக்கு எங்க பாஷையில 'யூசர் எரர்'னு பேரு" என்றான். பயன்படுத்துகிறவர் தப்பாம். பயன்படுத்துகிறவர் யார், அவர் கை எப்படியிருக்கும், எந்த வெளிச்சத்தில் நிற்பார் என்பதெல்லாம் பாக்கெட்டை வரையும்போதே தெரியுமல்லவா, தம்பி? தெரிந்தும் வரையவில்லை என்றால் அந்த எரர் யாருடையது?

வேதியியல் வாத்தியார் என்பதால் கொஞ்சம் உள்ளே போகிறேன். ஸ்டெரைல் பாக்கெட் ஒரு விசித்திரமான பிறவி. மூடி ஒட்டிய பிறகுதான் பெரும்பாலும் உள்ளே கிருமி நீக்கம் நடக்கிறது. எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவைச் செலுத்துவார்கள். பதினோராம் வகுப்பில் உங்களுக்கு வாய்ப்பாடு எழுதச் சொன்னேனே, C₂H₄O, அதேதான். அந்த வாயு பாக்கெட்டுக்குள் போக வேண்டும், வேலை முடிந்ததும் வெளியேறவும் வேண்டும். கிருமி மட்டும் போகக் கூடாது. அதனால்தான் பவுச்சின் ஒரு பக்கம் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக்காகவும், மறுபக்கம் மூச்சு விடுகிற காகிதமாகவும் இருக்கிறது. காகிதத்துக்குப் பதில் டைவெக் என்ற பொருளும் உண்டு. டூபாண்ட் கம்பெனி பாலிஎத்திலீன் இழைகளைக் கொண்டு செய்தது. மருத்துவப் பொதிகளுக்கு 1970களிலிருந்து பயன்படுகிறது. காகிதத்தைவிட வலு அதிகம், உரிக்கும்போது நார் பிரிவது குறைவு. விலையும் அதிகம்.

இந்த இரண்டு பக்கங்களையும் ஓரத்தில் சூடுவைத்து ஒட்டுகிறார்கள். சூடு, அழுத்தம், எத்தனை நேரம் அழுத்துகிறோம் என்ற மூன்றும்தான் சீலின் தலையெழுத்து. குறைந்தால், லாரியில் குலுங்கி, கிடங்கில் அடுக்கி, கைமாறிக் கைமாறி வரும் வழியிலேயே வாய் திறந்துவிடும். கூடினால், ஒட்டிய இடம் காகிதத்தைவிட வலுவாகிவிடும். அப்போது உரித்தால் ஒட்டு பிரியாது, காகிதம்தான் கிழியும். என் மருமகள் கையில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஒட்டு சீராக விட்டு வந்தால் இரண்டு ஓரத்திலும் ஒரே அகலத்தில் வெள்ளைத் தடம் தெரியும், அதைப் பார்த்தே சீல் முழுசாக இருந்ததா என்று தெரிந்துகொள்வோம் மாமா, அன்றைக்கு ஒரு பக்கம் தடம் இல்லை, கந்தல்தான் இருந்தது என்றாள். ஒரு நர்ஸ் இவ்வளவு கவனித்திருக்கிறாள். மெமோ எழுதியவர் அந்தப் பவுச்சைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. அது அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது.

பயணத்தைத் தாங்கும் அளவு உறுதியாகவும், விரலுக்கு இணங்கும் அளவு இளக்கமாகவும் ஒரே ஒட்டு இருக்க வேண்டும். கஷ்டமான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலகம் இதற்கு வழி கண்டுபிடித்து எத்தனையோ வருடமாகிறது. உரிக்கத் தொடங்கும் பக்கத்தில் சீலை நேர்கோடாகப் போடாமல் அம்பு முனைபோலப் போட்டால், முதலில் அந்த முனை மட்டும் விடுபடும்; இழுவை கொஞ்சம் கொஞ்சமாக அகலும்; திடீர்ப் பிளவு குறையும். பிடிப்பதற்கு விரலளவு ஓரத்தை ஒட்டாமல் விட்டால், இரண்டு தாளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் ஒன்றில் கட்டைவிரலுக்கு ஒரு பிறை வெட்டினால் போதும். தியேட்டர் நர்ஸுக்கு நகம் வளர்க்க அனுமதி இல்லை. ஒட்ட வெட்டிய விரலால் ஈரமும் பவுடருமாக அந்த ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள், தெரியும்.

நம் ஊர் ஷாம்பு பாக்கெட்டை நினைத்துப் பாருங்கள். கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னச் சின்ன சாஷேயில் அடைத்து விற்று வழிகாட்டியவர்களில் ஒருவர். இன்று ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேயின் ஓரத்தில்கூட ஒரு வெட்டு இருக்கிறது. ஈரக் கையோடு, சோப்புக் கண்ணோடு நிற்பவன் எப்படிக் கிழிப்பான் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். (அப்படியும் நான் பல்லால்தான் கடிக்கிறேன், அது வேறு கதை.) தலைக்குத் தேய்ப்பதற்குக் காட்டிய அக்கறை, வயிற்றுக்குள் வைப்பதற்கு வேண்டாமா?

"டிரெய்னிங் கொடுத்தால் சரியாகிவிடும்" என்பது சகலையின் அடுத்த பதில். கொடுக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிதாக வரும் பிள்ளைகளில் சிலர் காகிதத்தின்மேல் விரலால் குத்தி ஓட்டை போட்டு எடுப்பதாகவும், அதை மாற்றவே ஆறு மாதம் பிடிப்பதாகவும் மருமகளே சொல்கிறாள். ஆனால் பயிற்சி பெற்ற கை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதை அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேக்கேஜிங் ஆராய்கிறவர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2014இல் வெளியான ஆய்வு. 97 பேர். கல்லூரிப் பிள்ளைகள் கிடையாது. பெரும்பாலும் தியேட்டரில் வேலை பார்க்கிற டெக்னிஷியன்களும் நர்ஸ்களும். இரண்டரை வருட அனுபவம் உள்ளவரும் இருந்தார், நாற்பத்து நான்கு வருட அனுபவம் உள்ளவரும் இருந்தார். பவுச்சின் வெளிப்பக்கத்திலும் அவர்கள் கையுறையிலும் கிருமிக்குப் பதிலாக ஒரு பூச்சைப் பூசி, பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். பிறகு உள்ளே இருந்த பொருளில் பூச்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். சின்ன பவுச்சில் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு முறை ஒட்டியிருந்தது. பெரிய பவுச்சில் ஏறக்குறைய பதினைந்து.

அதே ஆட்கள். அதே கைகள். பவுச்சின் அளவு மாறியதும் தப்பு இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. இப்போது சொல்லுங்கள், இரண்டுக்கும் நடுவில் மாறியது நர்ஸின் ஜாக்கிரதையா, பவுச்சா?

நானும் என் பங்குக்கு ஒரு சோதனை செய்தேன். சர்ஜிக்கல் கடை வைத்திருக்கும் மாணவன் ஒருவன் காலாவதியான பாக்கெட்டுகள் கொஞ்சம் கொடுத்தான். கையுறை, சலைன் டியூப், பஞ்சுத் துணி, நீளக் குழாய் என்று கலந்து. சாப்பாட்டு மேஜையில் பழைய வேட்டியை விரித்து, பாக்கெட்டின் வெளியே மஞ்சள்தூளைத் தடவி, நானும் என் மனைவியும் பிரித்தோம். உள்ளே இருப்பதை வேட்டியில் மஞ்சள் படாமல் வைக்க வேண்டும். அம்மு முனை சீல் போட்ட சின்ன பவுச்சுகளை என் மனைவி மூன்றாவது முயற்சியிலேயே அழகாகப் பிரித்துவிட்டார். நீளக் குழாயில் இருவரும் தோற்றோம். அது பவுச்சுக்குள் சுருண்டு அழுத்தத்தில் இருக்கிறது, வாய் திறந்ததும் பாம்புபோல நிமிர்ந்து ஓரத்தைத் தொடுகிறது. கையுறைப் பாக்கெட் இன்னொரு வேடிக்கை. உள்ளே ஒரு காகித மடிப்பு. அதை விரித்து வைத்தால் தானாகச் சுருண்டு திரும்ப மூடிக்கொள்கிறது, நம் கை பட்ட ஓரம் கையுறைமேலேயே வந்து விழுகிறது. இதை உலகம் முழுக்க நர்ஸ்கள் புலம்புகிறார்கள் என்று மருமகள் சொன்னாள். காகிதத்தின் மடிப்பை எதிர்ப்பக்கம் ஒரு கோடு அழுத்தினால் படுத்துக்கிடக்கும். அந்த ஒரு கோட்டைப் போட யாருக்கு மனசில்லை?

இது விஞ்ஞானம் இல்லை, சமையலறை விளையாட்டு என்று எனக்கும் தெரியும். ஆனால் வாங்கும் குழுவில் இருப்பவர்கள் இந்த விளையாட்டைக்கூட ஒரு தடவை ஆடிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. என் சகலை பர்ச்சேஸில் இருபத்தைந்து வருடம் இருந்தவர். மருத்துவமனையில் இல்லை, வேறு இடத்தில். ஆனாலும் முறை ஒன்றுதான். மூன்று கொட்டேஷன் வரும், குறைந்த விலைக்கு டிக் போடுவார்கள். அட்டவணையில் விலைக்கு ஒரு கட்டம் உண்டு, சப்ளை தேதிக்கு ஒரு கட்டம் உண்டு, சான்றிதழுக்கு ஒரு கட்டம் உண்டு. "பிரித்துப் பார்த்தவர் யார்?" என்பதற்குக் கட்டம் கிடையாது. பிரிக்கப்போகிறவர் அந்தக் கூட்டத்துக்கு டீ கொடுக்கக்கூட அழைக்கப்படுவதில்லை.

இத்தனைக்கும் இதற்கு உலகத் தரமே இருக்கிறது. மூடிய பிறகு கிருமி நீக்கும் மருத்துவப் பொருள்களின் பொதிகளுக்கான விதி, ஐஎஸ்ஓ 11607. அதை 2019இல் திருத்தியபோது ஒரு விஷயம் சேர்த்தார்கள். சீல் எவ்வளவு இழுவை தாங்குகிறது, சாயம் கசிகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. எங்கே தொடங்கிப் பிரிப்பது என்று பயன்படுத்துகிறவருக்குப் புரிகிறதா, அவரால் உள்ளே இருப்பதைக் கெடுக்காமல் பிரிக்க முடிகிறதா, ஸ்டெரைலாகவே எடுத்துக் கொடுக்க முடிகிறதா என்றும் மதிப்பிட வேண்டும். அதாவது, பிரிக்க முடியாத பாக்கெட் பாதுகாப்பான பாக்கெட் ஆகாது என்று எழுத்திலேயே வந்துவிட்டது. என் 1996 பேட்ச் இன்ஜினியரே, உன் மேஜை டிராயரில் அந்தப் புத்தகம் இருக்கும். எடுத்துப் படி. பிறகு 'யூசர் எரர்' என்று சொல்.

"டைவெக் போட்டா விலை ஏறும் சார், ஏழை நோயாளிதான் கொடுக்கணும்" என்று இன்னொரு மாணவர் சொன்னார். நியாயமான கவலை. எல்லாவற்றுக்கும் டைவெக் போடு என்று நான் கேட்கவில்லை. பஞ்சுத் துணிக்குக் காகிதம் தாராளமாகப் போதும். கட்டைவிரலுக்குப் பிறை வெட்ட எவ்வளவு ஆகும்? சின்னப் பொருளைப் பெரிய பவுச்சில் போடாமல் இருந்தால் செலவு கூடுமா, குறையுமா? சீல் இயந்திரத்தின் சூட்டைக் காலையில் ஒரு தடவை சரிபார்த்து, பத்துப் பவுச்சை ஆள்வைத்து உரித்துப் பார்ப்பதற்கு என்ன வெளிநாட்டு இறக்குமதி வேண்டும்? அன்றைக்கு வீணான ஒரு வலையின் விலையில் எத்தனை ஆயிரம் பிறை வெட்டலாம் என்று கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. சத்திரப்பட்டியில் தறி ஓட்டும் வீடுகளில் நெய்கிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும்தான் எத்தனையோ தியேட்டர்களுக்குப் போகின்றன. சிவகாசியில் அச்சு வேலையில் என் மாணவர்கள் எத்தனை பேர் என்று எனக்கே கணக்கில்லை. லேபிள் அடிக்கிறவர்களே, காலாவதித் தேதியை எந்த அளவு எழுத்தில் போடுகிறீர்கள்? பளபளக்கும் பிளாஸ்டிக்மேல் வெளிர் நீலத்தில் அடித்தால் விளக்கைக் குறைத்த அறையில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? பாக்கெட்டில் இருக்கும் மணல் கடிகாரப் படம் காலாவதி தேதி; வட்டத்துக்குள் அடித்த 2 என்றால் மறுபடி பயன்படுத்தாதே. படங்கள் நல்ல ஏற்பாடு, மொழி தடையில்லை. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேதியைக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாகப் போடுங்கள். உங்கள் முதலாளி கேட்டால் உங்கள் பழைய வாத்தியார் சொன்னார் என்று சொல்லுங்கள்.

ஒரு பழைய கதை. ஆபரேஷன் கையுறை எப்படி வந்தது தெரியுமா? கிருமிக்குப் பயந்து வந்ததில்லை. 1889, 90 குளிர்காலத்தில் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜனிடம் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸ் வேலை பார்த்தார். கிருமி நீக்க அப்போது பாதரசக் குளோரைடு கரைசல். அது அவர் கையெல்லாம் புண்ணாக்கியது. ஹால்ஸ்டெட் "உனக்குக் கை சரியில்லை, வேறு வேலைக்குப் போ" என்று மெமோ கொடுக்கவில்லை. குட்இயர் ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி அந்தக் கைக்கு மெல்லிய ரப்பர் கையுறை செய்யவைத்தார். (1890இல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். வகுப்பில் இதைச் சொன்னால் நீங்கள் எப்படிக் கத்துவீர்கள் என்று தெரியும்.) ஒரு நர்ஸின் கையைப் பார்த்து ஒருவர் யோசித்ததில், பிற்பாடு உலகத்து நோயாளிகள் எல்லோரும் பிழைத்தார்கள்.

இப்போது நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மெமோவைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. மருமகளுக்காக மட்டும் இல்லை.

நம் பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டுகள் நினைவிருக்கிறதா? அடியில் கண்ணாடித் திருகு. பாதிக்கு மேல் இறுகிப்போனவை. திருகினால் திரும்பாது, பலமாகத் திருகினால் கண்ணாடி முறியும். வருடத்துக்கு நாலு உடையும். உடைத்தவனை நிற்கவைத்து, "ஒரு பியூரெட்டைத் திருகத் தெரியாதா?" என்று கேட்டேன். ஃபைன் வாங்கினேன். ரெக்கார்டில் சிவப்பு மையில் எழுதினேன். திருகில் வாசலின் தடவி வைக்க வேண்டியது என் வேலை, என் உதவியாளர் வேலை. பழையதை மாற்றக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டியதும் என் வேலை. முப்பது வருடத்தில் அந்தக் கடிதத்தை நான் ஒரு தடவைகூட எழுதவில்லை. உங்களிடம் காசு வாங்குவது சுலபமாக இருந்தது. அதைவிட மோசம், இரண்டு மூன்று வருடத்தில் பிள்ளைகள் உடைந்த பியூரெட்டைச் சொல்லாமல் அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போகப் பழகினார்கள். விரிசல் தெரியாமல் அடுத்தவன் அதில் அமிலம் ஊற்றி, ஒரு பெண்ணின் கையில் சிந்தியது. பெரிய காயமில்லை. அன்றைக்கும் நான் ஊற்றியவனைத்தான் திட்டினேன். அவன் இதைப் படிக்கிறான் என்று நினைக்கிறேன். தம்பி, தப்பு என்னுடையது.

ஆகவே மெமோ எழுதிய நிர்வாகிமேல் கல்லெறியும் யோக்கியதை எனக்குக் குறைவு. இருந்தாலும் எறிகிறேன், ஏனென்றால் என் அலமாரியில் இருந்தது பியூரெட், அவர் அறையில் கிடப்பது மனிதன்.

மருமகளின் பதிலை நேற்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில், பவுச் எந்த இடத்தில் கிழிந்தது என்று எழுதியிருக்கிறாள். பவுச் குப்பைக்குப் போனாலும் அதன் லேபிள் ஸ்டிக்கர் நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் லாட் நம்பர் உண்டு. அந்த லாட்டில் மீதமிருப்பவற்றை நிறுத்திவைத்து, கம்பெனிக்கு எழுதிக் கேட்கும்படி கோரியிருக்கிறாள். மருத்துவப் பொருள்களால் வரும் கோளாறுகளைத் தெரிவிக்க 2015இலிருந்து இந்தியாவில் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்துகிறது. டாக்டர்தான் எழுத வேண்டும் என்பதில்லை, நர்ஸும் எழுதலாம். அந்தப் படிவத்தையும் நிரப்பி நகல் இணைத்தோம். நர்ஸாக இருக்கும் என் மாணவிகள் பதினேழு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஒரு பாக்கெட் கிழிந்தால் குப்பையில் போடுவதற்குமுன் போனில் ஒரு படம் எடுங்கள், லாட் நம்பர் தெரியும்படி. பர்ச்சேஸ் கமிட்டியில் இருக்கும் டாக்டர் மாணவர்கள் நாலு பேர் இருக்கிறீர்கள். அடுத்த கொட்டேஷனுக்குக் கையெழுத்துப் போடுமுன் சாம்பிள் பத்தை உங்கள் தியேட்டர் நர்ஸிடம் கொடுத்து, விளக்கைக் குறைத்துப் பிரிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். கால் மணி நேரம் ஆகும்.

கட்டைவிரல் தூக்கிய மூன்று பேரில் ஒருவர் நேற்று எனக்குத் தனியாகப் போன் செய்து பேசினார். அது போதும் எனக்கு. சகலை இன்னும் பேசவில்லை.

1996 பேட்ச் இன்ஜினியர் தம்பிக்கு: அதே கம்பெனியின், அதே அளவுள்ள, காலாவதியான வலைப் பாக்கெட் இரண்டு அந்தச் சர்ஜிக்கல் கடை மாணவனிடம் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வா. சாப்பாடு இங்கேதான். மஞ்சள்தூள் தடவி வைத்திருப்பேன், ஜன்னலைச் சாத்திவிடுவேன். வரும்போது நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா.